பட்டியலில் சுலோசனா

என் தங்கை சுலோசனா உயிரோடுதான் இருக்கிறாள். நூம்பலில் இட்லி மாவுக் கடை வைத்திருக்கிறாள். இரண்டு கிரைண்டர் ஓடுகிறது, அதையும் தாண்டி அவள் குரல் தெருமுனை வரைக்கும் கேட்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் போன நவம்பரில் அவள் இறந்துவிட்டதாக அச்சடித்து ஊருக்குக் கொடுத்தவள் நான்தான்.

தெரியாமல் செய்தாயா என்று கேட்டால், இல்லை. தெரிந்தே, கோபத்தில் செய்தேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வந்த வேகத்தில் போயும்விடும். அதற்குள் செய்யக்கூடாததைச் செய்து முடித்திருப்பேன். வசந்தகுமாரி என்று அழகாகப் பேர் வைத்த என் அம்மாவே என்னைச் சின்ன வயதில் ‘பட்டாசு’ என்றுதான் கூப்பிடுவாள். அறுபத்திரண்டு வயதாகியும் அது நமுத்துப்போகவில்லை.

ஆவடியில் எங்களுக்கு ஒரு இசைக் குழு இருக்கிறது. பாடுகிறவர்கள் நாற்பது பேர், வாசிக்கிறவர்கள் பதினெட்டுப் பேர். யாருக்கும் இது பிழைப்பு இல்லை. டேங்க் ஃபேக்டரியில் வெல்டராக இருந்தவர் வயலின் வாசிப்பார், திருமுல்லைவாயில் பல் டாக்டர் பாடுவார், ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் பாதிப் பேர். பூந்தமல்லியில் மெத்தைக் கடை வைத்திருக்கும் ஷவுகத் அலி பாய், ஒரு காலத்தில் கல்யாண பேண்டில் ஊதிய டிராம்போனை இங்கே எடுத்து வந்து ஊதுகிறார். நான் ராணுவத்துக்குச் சீருடை தைக்கும் இடத்தில் முப்பத்தோரு வருஷம் மிஷின் மிதித்துவிட்டு ரிட்டயர் ஆனவள். கள்ளிக்குப்பத்தில் வீடு. ஆல்ட்டோ, அதாவது பெண்களில் கீழ்க்குரல், இரண்டாவது வரிசை. எங்களையெல்லாம் மேய்க்கிறவள் எழிலரசி. வாரத்தில் ஐந்து நாள் அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பாள், ஞாயிறு மதியம் மூன்று மணிக்குக் கையில் குச்சியோடு எங்கள் முன்னால் நிற்பாள். என் மகள் வயதுதான். ஆனால் அவள் குச்சியைத் தூக்கினால் நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி விறைப்பாக நின்றுவிடுவேன்.

கொரோனா அடங்கிய வருஷம் ஆரம்பித்த குழு இது. அந்த இரண்டு வருஷத்தில் எத்தனை பேரை முகம்கூடப் பார்க்காமல் அனுப்பினோம். அவர்களுக்காக ஒரு ரெக்வியம் பாடலாம் என்றாள் எழிலரசி. இறந்தவர்கள் இளைப்பாறட்டும் என்று கேட்கிற பாட்டு, ஏழு பகுதி, ஒரு மணி நேரம், மொழி லத்தீன். எங்களுக்கு லத்தீன் ஏது? தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு நெட்டுருப் போட்டோம். அந்த வருஷம் ஜனங்கள் அழுததைப் பார்த்து, வருஷா வருஷம் நவம்பரில் பாடுவது என்று ஆகிவிட்டது.

அதில் எங்களுக்கென்று ஒரு பழக்கம் உண்டு. குழுவில் இருக்கிற ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் இறந்தவர் பெயரை ஒரு மாதம் முன்னாலேயே சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். நிகழ்ச்சி நிரலின் கடைசிப் பக்கத்தில் அவற்றை அச்சடிப்பார்கள். ஆறாவது பகுதி முடிந்ததும் வாத்தியங்கள் எல்லாம் ஓய்ந்திருக்கும்போது, ஷவுகத் அலி பாய் எழுந்து நின்று பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார். மைக் வேண்டாத குரல் அவருக்கு. பட்டியலில் முதல் பெயர் எப்போதும் அஷ்ரஃபுன்னிசா, அவருடைய மனைவி. பெயர்கள் முடிந்ததும் ஏழாவது பகுதியைப் பாடுவோம்.

இந்தப் பாட்டுக்கும் எனக்கும் ஒரு கணக்கு தீராமல் இருந்தது. அந்த நவம்பருக்கு மூன்று வருஷத்துக்கு முன், அக்டோபர் மாதம், இதே பாட்டின் ஒத்திகையில் நான் நின்றுகொண்டிருந்தபோது என் அம்மா பொன்னியம்மா இறந்துபோனாள். அவள் சுலோசனா வீட்டில்தான் இருந்தாள். இரண்டு மாதமாகப் படுக்கை. காலையில் போய்ப் பார்த்து, கஞ்சி கொடுத்து, ‘சாயங்காலம் வரேம்மா’ என்று சொல்லிவிட்டுத்தான் ஒத்திகைக்கு வந்தேன். எழிலரசியின் சட்டப்படி செல்போனை எல்லாம் வாசலில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டுவிட்டு உள்ளே போகணும். ஐந்தரை மணிக்கு வாளியிலிருந்து என் போனை எடுத்தால் சுலோசனாவிடமிருந்து பதினொரு அழைப்பு.

நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் சுலோசனா சொன்னாள்: “வா. பாட்டு பாடி முடிச்சிட்டியா? அம்மா உனுக்காகக் காத்துகினு இருக்கும்னு நெனச்சியா?”

எனக்குள் எதுவோ வெடித்தது. “இன்னையோட உன்னைத் தலைமுழுகிட்டேன்டி” என்றேன். அம்மாவின் பிணத்துக்கு முன்னால் நின்றுகொண்டு சொன்னேன். அதற்கப்புறம் நாங்கள் பேசவில்லை.

அடுத்து வந்த மூன்று நவம்பரிலும் ரெக்வியம் பாடினேன். மூன்று முறையும் அம்மா பெயரை நான் எழுதிக் கொடுக்கவில்லை. கொடுத்தால் யாராவது கேட்பார்கள், ‘கடைசி நேரத்துல நீங்க பக்கத்துல இருந்தீங்களா?’ என்று. அப்பா பெயரைக் கொடுத்துச் சமாளித்தேன்.

போன வருஷம் அம்மாவின் திதி வந்தது. சுலோசனா படையல் போட்டு ஊரைக் கூப்பிட்டிருக்கிறாள், என்னைக் கூப்பிடவில்லை. மறுநாள் வில்லிவாக்கம் பரந்தாமன் மச்சான், எங்கள் பெரியப்பா மருமகன், போனில் வடையின் ருசியைப் பற்றிச் சொல்லித்தான் எனக்கே தெரியும். அன்றைக்கு ஞாயிறு. ஒத்திகைக்குப் போனால் சீட்டு எழுதிக் கொடுக்கக் கடைசி நாள். பேனாவை எடுத்தேன். தலைமுழுகியாச்சு என்றால் செத்த மாதிரிதானே? ‘சுலோசனா, நூம்பல்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

எழிலரசி சீட்டைப் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். “யாரு ஆன்ட்டி இவங்க?”

“தங்கச்சி.”

“சொல்லவே இல்லையே ஆன்ட்டி” என்றவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து காபி குடித்ததும் கோபம் இறங்கிவிட்டது. அடுத்த வாரம் போய் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் மழை, ஒத்திகை இல்லை. அதற்கடுத்த வாரம் நினைவே இல்லை. இது நடக்கக்கூடியதா என்று கேட்காதீர்கள். கேஸ் அடுப்பில் பாலை வைத்துவிட்டு சீரியல் பார்க்கிறவள் நான்.

நிகழ்ச்சிக்கு முந்தின புதன்கிழமை, அச்சான நிரலின் படங்களை எழிலரசி வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். மூன்றாம் பக்கத்தில் பாடுகிறவர்கள் வரிசையில் என் பெயர் பெரிதாக இருந்தது. பெருமை தாங்கவில்லை. அப்படியே நான்கு பக்கத்தையும் எங்கள் சொந்தக்காரர்கள் குரூப்பில் தட்டிவிட்டேன். நான்காம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவே இல்லை.

பத்து நிமிஷத்தில் கூப்பிய கைகளாக வந்து விழ ஆரம்பித்தது. ‘ஆழ்ந்த இரங்கல்.’ ‘சித்தி எப்ப போனாங்க? யாருமே சொல்லல.’ ‘நல்ல மனுஷி.’ நான் பதறிப்போய் அழிக்கப் பார்த்தேன், எதை எங்கே அமுக்குவது என்று தெரியாமல் இன்னொரு முறை அனுப்பிவிட்டேன். அந்தக் குரூப்பில் சுலோசனாவும் இருக்கிறாள். பார்த்துவிட்டாள் என்று நீலக் குறி காட்டியது. ஒரு வார்த்தை எழுதவில்லை. வியாழக்கிழமை காலையில் பரந்தாமன் மச்சான் ரோஜா மாலையோடு நூம்பலுக்குப் போயிருக்கிறார். கதவைத் திறந்தது சுலோசனா. கையெல்லாம் மாவு. மனுஷன் மாலையை அவளிடமே கொடுத்துவிட்டு, ஆட்டோவைக்கூடப் பார்க்காமல் ஓடி வந்திருக்கிறார்.

ஆறு முறை அவளுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. என் பக்கம் இருந்த நியாயமெல்லாம் அந்த ஒரு சீட்டில் கரைந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. திட்டினால்கூட ஆறும். பேசாமல் இருந்தாள். இனி ஒருநாளும் பேசமாட்டாளோ என்று நினைத்தபோது எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. அம்மா போன பிறகு என்னிடம் உரிமையோடு வா, போ என்று பேச இருந்தது அவள் ஒருத்திதான்.

அச்சடித்ததை ஒன்றும் செய்ய முடியாது. வாசிப்பதையாவது நிறுத்தலாம். சனிக்கிழமை கடைசி ஒத்திகையில் ஷவுகத் அலி பாய் தனியாக உட்கார்ந்து டிராம்போனைத் துடைத்துக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

“பாய், நாளைக்கு ஒரு பேரை மட்டும் வுட்ருங்க. சுலோசனா.”

“ஏன்கா? உங்க தங்கச்சிதானே?”

“அவ சாவல பாய்.”

சிரிப்பார் என்று நினைத்தேன், அல்லது திட்டுவார் என்று. அவர் துணியைக் கீழே வைத்துவிட்டு “அல்ஹம்துலில்லாஹ்” என்று மேலே பார்த்து நன்றி சொன்னார். அப்புறம்தான் “இன்னாக்கா ஆச்சு?” என்று கேட்டார். எல்லாவற்றையும் கொட்டினேன்.

“வுட்ருவோம், அது பெரிய விசயமில்ல” என்றார். துணியை எடுத்து மடித்தார். “வருசா வருசம் அஷ்ரஃபுன்னிசா பேரைப் படிக்கும்போது எனுக்கு ஒண்ணு தோணும்கா. யாராச்சும் நடுவுல எழுந்து, ‘பாய், தப்பாப் படிக்கிறீங்க, அவங்க ஊட்ல கீறாங்க’ன்னு சொல்ல மாட்டாங்களான்னு. உங்களுக்கு நெசமாவே ஊட்ல கீறாங்க. போய்ப் பாத்துட்டு வாங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பிவிட்டேன். ஷேர் ஆட்டோவில் வானகரம், அங்கிருந்து பஸ்ஸில் வேலப்பன்சாவடி, இறங்கி நடை. அவள் கடைக்கு எதிர்ப்பக்கம் ஒரு தண்ணீர் லாரி நின்றிருந்தது. அதன் பின்னால் நின்று பார்த்தேன். சுலோசனா மாவை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. மூன்று வருஷத்தில் அவ்வளவு நரை. பரந்தாமன் மச்சான் கொடுத்த மாலை பெரிய கிரைண்டரின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சாலையைக் கடக்க மட்டும் கால் வரவில்லை. என்ன சொல்லிக்கொண்டு போய் நிற்பது? லாரி கிளம்புவதற்குள் திரும்பிவிட்டேன்.

சாயங்காலம் நல்ல மழை. ஆவடி குவார்ட்டர்ஸ் சமூகக் கூடத்தில் பாதி நாற்காலி காலி. ஐந்தரைக்கு ஆரம்பித்தோம். அதற்கு முந்தின வருஷம் கேட்க வந்த சிலர், ‘எங்க வீட்டு ஆளுங்க பேரையும் படிக்க மாட்டீங்களா?’ என்று கேட்டிருந்தார்கள். அதனால் எழிலரசி இந்த முறை வாசல் மேஜையில் ஒரு பிஸ்கட் டின்னும் துண்டுக் காகிதமும் பேனாவும் வைத்திருந்தாள். வருகிறவர்கள் எழுதிப் போடலாம், எங்கள் பட்டியல் முடிந்ததும் பாய் அதையும் வாசிப்பார்.

முதல் மூன்று பகுதியும் நன்றாகவே போனது. வயலின்கள் சில இடத்தில் ஆளுக்கொரு திசையில் போயின, எழிலரசி கண்ணாலேயே இழுத்துக் கட்டினாள். நான்காவது பகுதி நடுவில் பின்பக்கக் கதவு திறந்தது. ஒரு பெண் குடையைச் சுருக்கிக்கொண்டு வாசல் மேஜையிடம் குனிந்து நின்றாள். நிமிர்ந்தபோது பார்த்தால் சுலோசனா.

அதற்கு மேல் நான் என்ன பாடினேன் என்று எனக்குத் தெரியாது. பின்னாலிருந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். நாற்காலியில் கிடந்த நிரலை எடுத்தாள், நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். விரலை வைத்துத் தேடினாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. என் பக்கத்தில் பாடிக்கொண்டிருந்த தேவிப்பிரியா, ‘ஆன்ட்டி, அடுத்த பக்கம்’ என்று முழங்கையால் இடித்தாள்.

ஆறாவது பகுதி முடிந்தது. கூடம் அமைதியானது. கூரையில் மழைச் சத்தம் மட்டும். பாய் எழுந்து கண்ணாடியை மாட்டினார்.

“அஷ்ரஃபுன்னிசா.”

ஒவ்வொரு பெயராக வந்தது. சுலோசனா இருக்க வேண்டிய இடத்தில் அவர் சிறிதும் தடுமாறவில்லை, அடுத்த பெயருக்குப் போய்விட்டார். எனக்கு மூச்சு வந்தது. சுலோசனா நிரலைப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

எழிலரசி பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து கொடுத்தாள். மழையால் ஏழெட்டுச் சீட்டுதான் இருந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்தார். கடைசிச் சீட்டு.

“பொன்னியம்மா, நூம்பல்.”

மூன்று வருஷமாக நான் சொல்லப் பயந்த பெயர். அந்தக் கூடத்தில், அந்தக் குரலில், எல்லார் பெயரையும் போல அதுவும் ஒலித்தது. யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் எதையும் கேட்கவில்லை. இதற்கா இவ்வளவு பயந்தேன்!

பாய் சீட்டை மடிக்கவில்லை. அதில் இன்னொரு பெயர் இருந்தது. யோசிக்காமல் அதையும் வாசித்துவிட்டார்.

“வசந்தகுமாரி, கள்ளிக்குப்பம்.”

நாற்பது தலையும் என் பக்கம் திரும்பியது. செத்தவள் நான், ஆல்ட்டோ இரண்டாவது வரிசையில் கல்லு மாதிரி நின்றுகொண்டிருந்தேன். தேவிப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டாள். வெல்டர் வயலினுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். பாய் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, பிறகு கூட்டத்தில் கையைக் கட்டி உட்கார்ந்திருந்த சுலோசனாவைப் பார்த்து, விஷயத்தைப் புரிந்துகொண்டு, “இவங்க நல்லா இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கூடமே சிரித்தது. எழிலரசி குச்சியைத் தூக்கினாள்.

ஏழாவது பகுதியை நான் அம்மாவுக்காகப் பாடினேன். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக. பாதி இடத்தில் குரல் வரவில்லை, வந்த இடத்தில் சுருதி இல்லை. பரவாயில்லை. அம்மாவுக்குச் சுருதி தெரியாது.

எல்லாரும் கலைந்த பிறகு போர்டிகோவில் சுலோசனா நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

“காலையில லாரிக்குப் பின்னாடி நின்னியே, உன் பொடவைதான் முழுக்க வெளியத் தெரிஞ்சிது” என்றாள். “உள்ள வந்து ஒரு வாய் காபி குடிச்சிருந்தா இன்னா?”

“எந்த மூஞ்சிய வச்சிகினு வர்றது? நான் எழுதினது தப்புடி சுலோ. மன்னிச்சிக்கோ. ஆனா நீயும் என் பேரை எழுதிட்ட.”

“நீ மட்டுந்தான் எழுதுவியா? நானும் அந்த வயித்துலதான் பொறந்தேன்.” சிரித்தாள். சட்டென்று சிரிப்பு நின்றது. “அதுக்காக மட்டும் வரல. உன்கிட்ட ஒண்ணு சொல்லாம மறைச்சிட்டேன்கா. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

“இன்னா?”

“அன்னைக்கு நான் உனுக்குப் போன் மேல போன் போட்டுகினு இருந்தேன்ல? அம்மா பாத்துகினே இருந்துச்சு. ‘யாருக்குடி போடுற?’ன்னுச்சு. ‘வசந்தாவுக்குமா, எடுக்க மாட்டேன்றா’ன்னேன். ‘பாடப் போயிருப்பா, பாடட்டும் வுடு, நடுவுல கூப்புடாத’ன்னுச்சு. அதான் கடைசியாப் பேசுனது. நான் கேக்காம மறுபடி மறுபடி போட்டேன். நீ வந்து நின்னப்ப எனுக்கு வந்த ஆத்திரத்துல இதைச் சொல்லல. அப்புறம் நீ தலைமுழுகிட்டேன்னு சொன்ன. சொல்லக்கூடாதுன்னே வச்சிகினேன். மூணு வருசமா இதை வச்சிகினு என்னால தூங்க முடியலக்கா.”

பட்டாசு வெடித்திருக்க வேண்டும். மூன்று வருஷம்! இந்த ஒரு வரிக்காக நான் எத்தனை இரவு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறேன். கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தால் அவள் தோளில் ஒன்று போட்டேன். இன்னொன்று போடக் கையை ஓங்கினேன். அவள் அடி வாங்கத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நரைத்த தலை, சுருங்கிய கண், மாவு ஊறி ஊறி வெளுத்துப்போன விரல். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா மூச்சு நிற்கும்போது அந்த வீட்டில் இவள் ஒருத்திதான் இருந்தாள். ஒரு கையில் அம்மாவின் கை, இன்னொரு கையில் நான் எடுக்காத போன். அந்த நேரம் இவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட நான் நினைத்துப் பார்த்ததில்லை.

கையை இறக்கினேன்.

“பயந்துட்டியா சுலோ, அன்னைக்கு?”

அவள் முகத்தை என் தோளில் வைத்து, சின்னப் பிள்ளை மாதிரி சத்தமாக அழுதாள். கூடத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“நல்லவேளை, நீயாவது பக்கத்துல இருந்தே” என்றேன்.

அம்மாவைக் கிடத்தியிருந்த அன்றைக்கே, அவள் வீட்டு வாசலில் கால் வைத்ததும் நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்.